வினைவேகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டாம் வகுப்பில் வேதி வினைவேகவியல் பாடம் தொடங்கியதிலிருந்து செய்முறைத் தேர்வு முடியும்வரை மாணவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய அதேதான். வாயால் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்களுக்கு முன்னால் சொன்னவை தேவைப்படும்; முடிந்தவரை வரிசையாகப் படியுங்கள்.

வினைவேகம்னா வினை முடிய ஆகிற நேரமா?

இல்லை. ஓரலகு நேரத்தில் வினைபடு பொருளின் செறிவு எவ்வளவு குறைகிறது, அல்லது விளைபொருளின் செறிவு எவ்வளவு கூடுகிறது என்பதுதான் வினைவேகம். ஒரே வினைக்குள்ளேயே இது மாறிக்கொண்டிருக்கும். பெரும்பாலான வினைகள் தொடக்கத்தில் விறுவிறுவென்று நடந்து, பொருள் தீரத் தீர மெதுவாகும்.

இதை முதலில் எண்களாக அளந்து காட்டியவர் லுட்விக் வில்ஹெல்மி என்ற ஜெர்மானியர், ஆண்டு 1850. அமிலம் கலந்த கரும்புச் சர்க்கரைக் கரைசல் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடையும்போது, அதன் வழியே போகும் முனைவாக்கப்பட்ட ஒளி திரும்பும் கோணம் மாறிக்கொண்டே வரும். அந்தக் கோணத்தை நேரத்தோடு சேர்த்துக் குறித்தார். எந்தக் கணத்திலும் வேகம் அப்போது மிச்சமிருந்த சர்க்கரையின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருந்தது. இந்தச் சர்க்கரை இன்னொரு முறையும் கீழே வரும்.

மூலக்கூறுகள் மோதினால் வினை நடக்கும் என்கிறீர்கள். அப்படியானால் எல்லா வினையும் ஒரே நொடியில் முடிந்துவிடாதா?

நல்ல கேள்வி. இதைக் கேட்காமல் பாடத்தைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு தடுமாறுகிறார்கள். அறை வெப்பநிலையில் காற்றிலிருக்கும் ஒரு மூலக்கூறு ஒரு நொடியில் பல நூறு கோடி முறை மற்றவற்றோடு மோதுகிறது. ஒவ்வொரு மோதலும் பலித்தால் எந்த வாயு வினையும் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும்.

மிகப் பெரும்பான்மையான மோதல்கள் வீணாகின்றன. பழைய பிணைப்பு தளர்ந்து புதியது உருவாகக் குறைந்தபட்ச ஆற்றல் ஒன்று தேவை. அதுதான் கிளர்வு ஆற்றல். மோதும் திசையும் சரியாக அமைய வேண்டும். கிளர்வு ஆற்றல் மோலுக்கு 50 கிலோஜூல் உள்ள ஒரு வினையை 300 கெல்வினில் எடுத்துக்கொண்டால், சுமார் 50 கோடி மோதலில் ஒன்றுக்குத்தான் போதுமான ஆற்றல் இருக்கும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள். வெப்பநிலைக் கேள்விக்கு இதுதான் சாவி.

வேகத்தைப் பாதிக்கும் காரணிகளைப் பட்டியலாகச் சொன்னால் போதும் சார், எழுதிக்கொள்கிறேன்.

வினைபடு பொருள்களின் தன்மை, செறிவு, வாயுவானால் அழுத்தம், திண்மமானால் மேற்பரப்பு, வெப்பநிலை, வினையூக்கி, சில வினைகளுக்கு ஒளி. பட்டியல் இவ்வளவுதான். ஆனால் இதை மட்டும் மனப்பாடம் செய்தால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்குப் பதில் வராது.

வினைவேக விதியை நினைத்துப் பாருங்கள்: வேகம் என்பது வினைவேக மாறிலியை (ஒரு வினைக்கு ஒரு வெப்பநிலையில் மாறாமல் இருக்கும் எண்) செறிவுகளின் அடுக்குகளால் பெருக்கி வருவது. எந்தக் காரணியைப் பற்றிக் கேட்டாலும், இது மாறிலியை மாற்றுகிறதா, செறிவை மாற்றுகிறதா, பொருள்கள் சந்திக்கும் இடத்தின் பரப்பை மாற்றுகிறதா என்று கேளுங்கள். வெப்பநிலையும் வினையூக்கியும் மாறிலியையே மாற்றுகின்றன. செறிவும் வாயு அழுத்தமும் மாறிலியைத் தொடுவதே இல்லை. தேர்வில் 'செறிவை இரட்டிப்பாக்கினால் வினைவேக மாறிலி என்னவாகும்?' என்று கேட்டால் பதில் 'மாறாது'. எத்தனை பேர் 'இரட்டிப்பாகும்' என்று எழுதுகிறார்கள்!

செறிவை இரண்டு மடங்காக்கினால் வேகமும் இரண்டு மடங்காகும், சரிதானே?

அந்தப் பொருளைப் பொறுத்து வினை முதல் வகையாக, அதாவது வினைவேக விதியில் அதன் செறிவின் அடுக்கு 1 ஆக, இருந்தால் மட்டும் சரி. இரண்டாம் வகை என்றால் நான்கு மடங்காகும். பூஜ்ய வகை என்றால் ஒன்றுமே மாறாது.

செய்முறை வகுப்பில் சோடியம் தயோசல்பேட்டோடு ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, குடுவைக்கு அடியில் போட்ட பெருக்கல் குறி கந்தக வீழ்படிவால் மறையும் நேரத்தை அளக்கிறோமே, அங்கே தயோசல்பேட்டின் செறிவைப் பாதியாக்கினால் மறைய ஆகும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மாறாக, குடித்த மதுவை மனித உடல் வெளியேற்றும் வேகம் பூஜ்ய வகைக்கு நெருக்கமானது. ஈரலில் உள்ள நொதிக்கு ஏற்கெனவே கைநிறைய வேலை இருப்பதால், இரத்தத்தில் மது அதிகமிருந்தாலும் அது வேகம் கூட்டுவதில்லை.

சமன்பாட்டில் இருக்கும் எண்ணை அப்படியே அடுக்காகப் போடலாமா?

கூடாது. நைட்ரஜன் டையாக்சைடும் கார்பன் மோனாக்சைடும் வினைபுரியும் சமன்பாட்டில் இரண்டும் ஒவ்வொரு மூலக்கூறுதான். ஆனால் சுமார் 500 கெல்வினுக்குக் கீழே அளந்தால் வேகம் நைட்ரஜன் டையாக்சைடின் செறிவின் இருமடியைப் பின்பற்றுகிறது. கார்பன் மோனாக்சைடை எவ்வளவு கூட்டினாலும் கவலைப்படுவதில்லை. காரணம், இந்த வினை இரண்டு படிகளில் நடக்கிறது. மெதுவான முதல் படியில் இரண்டு நைட்ரஜன் டையாக்சைடு மூலக்கூறுகள் தங்களுக்குள் மோதுகின்றன. கார்பன் மோனாக்சைடு அதற்குப் பிறகுதான் வருகிறது. வினைவகையை ஆய்வகத்தில் அளந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

பொடி செய்தால் ஏன் வேகம் கூடுகிறது? எடை அதே எடைதானே?

எடை அதேதான், வெளியே தெரியும் முகங்கள் கூடிவிடுகின்றன. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதை ஒரு மில்லிமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் 1000 துண்டுகள், மொத்தப் பரப்பு 60. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்குப் பொடித்தால் 6000. அமிலமோ ஆக்சிஜனோ மேற்பரப்பில் இருக்கும் அணுக்களைத்தான் எட்டும். உள்ளே இருப்பவை தங்கள் முறைக்குக் காத்திருக்க வேண்டும்.

இது வெறும் பாடநூல் விஷயம் இல்லை. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 1878 மே 2 அன்று வாஷ்பர்ன் மாவு ஆலை வெடித்து 18 பேர் இறந்தார்கள். ஜார்ஜியா மாநிலத்தில் 2008 பிப்ரவரி 7 அன்று ஒரு சர்க்கரை ஆலையில் படிந்திருந்த சர்க்கரைத் தூள் வெடித்து 14 பேர் இறந்தார்கள். மூட்டையில் இருக்கும் மாவில் தீக்குச்சியை வைத்தால் கருகும், அவ்வளவுதான். அதே மாவு காற்றில் தூசியாகப் பரவி நின்றால் ஒரு பொறி போதும். சிவகாசியில் பட்டாசுக்குப் பயன்படும் அலுமினியம் நம் வீட்டுப் பாத்திரத்தில் இருக்கும் அதே உலோகம்தான், நுண்பொடியானதால் ஆபத்தாகிறது. பொடியைக் கையாளும் எந்த இடத்திலும் தூசியைப் படியவிடாதீர்கள் என்று சொல்வதன் வேதியியல் காரணம் இதுவே.

10 டிகிரி கூடினால் வேகம் இரட்டிப்பாகும் என்கிறார்களே, அது விதியா?

விதி இல்லை, கைக்கணக்கு. அறை வெப்பநிலையில், கிளர்வு ஆற்றல் மோலுக்குச் சுமார் 50 கிலோஜூல் இருக்கும் வினைகளுக்கு அது பொருந்துகிறது. 300 கெல்வினிலிருந்து 310-க்குப் போனால் 50 கிலோஜூல் வினை ஏறத்தாழ 1.9 மடங்காகும். கிளர்வு ஆற்றல் 100 கிலோஜூல் என்றால் அதே 10 டிகிரியில் 3.6 மடங்கு. 20 கிலோஜூல் என்றால் வெறும் 1.3 மடங்கு. தொடங்கும் வெப்பநிலையும் முக்கியம்: 50 கிலோஜூல் வினையையே 600 கெல்வினிலிருந்து 610-க்குக் கொண்டுபோனால் வேகம் 18 சதவீதம்தான் கூடும்.

இந்த எண்களைத் தருவது சுவீடன் நாட்டு ஸ்வான்டே அர்ரீனியஸ் 1889-இல் முன்வைத்த சமன்பாடு. அவர் எடுத்துக்கொண்டதும் அமிலத்தில் சர்க்கரை உடையும் அந்த வினையைத்தான். அதில் பெரிய சேதி ஒன்று இருக்கிறது: கிளர்வு ஆற்றல் பெரிதாக இருக்கும் வினைதான் வெப்பநிலைக்கு அதிகம் ஆடும். அறை வெப்பநிலையில் மந்தமாகக் கிடக்கும் ஒரு வினை சூடேறினால் திடீரென்று பாய்வது இதனால்தான்.

சூடாக்கினால் மூலக்கூறுகள் வேகமாக ஓடி அதிகம் மோதுகின்றன, அதனால்தானே வேகம் கூடுகிறது?

அதிகம் எழுதப்படும் பதில் இது. பத்தில் ஒரு பங்குகூடச் சரியில்லை. 300-லிருந்து 310 கெல்வினுக்குப் போகும்போது மூலக்கூறுகளின் சராசரி வேகம் வெறும் 1.7 சதவீதம் கூடுகிறது. மோதல் எண்ணிக்கையும் அந்த அளவில்தான் கூடும். வினைவேகமோ இரட்டிப்பாகிறது. மிச்சம் எங்கிருந்து வந்தது?

மேலே சொன்ன '50 கோடியில் ஒன்று' இப்போது உதவும். 310 கெல்வினில் அது சுமார் 26 அல்லது 27 கோடியில் ஒன்றாகிவிடுகிறது. ஆற்றல் பரவலின் கடைக்கோடியில் இருக்கும் சில மூலக்கூறுகள்தான் வினைபுரிகின்றன, சராசரி சற்றே நகர்ந்தாலும் அந்தக் கடைக்கோடியின் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடுகிறது. தேர்வில் 'கிளர்வு ஆற்றலை மிஞ்சும் மூலக்கூறுகளின் பின்னம் கூடுகிறது' என்று எழுதுங்கள். மோதல் எண்ணிக்கையை அதற்குப் பின்னால் ஒரு வரியில் சேர்த்தால் போதும்.

குக்கரில் பருப்பு சீக்கிரம் வேகிறதே, அது அழுத்தத்தாலா வெப்பத்தாலா?

வெப்பத்தால். நீர்மத்தில் நடக்கும் வினையை ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுதலாகப் போட்டு அசைக்க முடியாது. குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் நீரின் கொதிநிலை சுமார் 120 டிகிரி செல்சியஸுக்கு உயர்கிறது. அந்தக் கூடுதல் 20 டிகிரிதான் வேலை செய்கிறது. ஊட்டியில் இதற்கு நேர்மாறு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2240 மீட்டர் உயரத்தில் நீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகும்.

அப்படியானால் இட்லி மாவை அடுப்புப் பக்கத்தில் வைத்தால் இன்னும் சீக்கிரம் புளிக்குமா?

ஓர் எல்லை வரை. மார்கழிக் குளிரில் மாவு பொங்காமல் நிற்பதும் சித்திரையில் காலைக்குள் வழிவதும் வெப்பநிலை வேலைதான். ஆனால் மாவைப் புளிக்கவைப்பது நுண்ணுயிரிகள். அவற்றின் நொதிகள் புரதங்கள். மிகவும் சூடானால் புரதத்தின் வடிவம் குலைந்து, நொதி செயலிழக்கும், உயிரியும் சாகும். கொதிக்கிற பாலில் உறை ஊற்றினால் தயிர் தோயாததும் இதே காரணம். அர்ரீனியஸ் சமன்பாடு இங்கே பொய்யாகிவிடவில்லை. நொதி உருக்குலைவதும் ஒரு வினை, அதன் கிளர்வு ஆற்றல் மிகப் பெரியது. ஆகவே முந்தைய பதில்களின்படி சூடு கூடக் கூட அது மற்றதை முந்திக்கொள்கிறது.

வினையூக்கி கிளர்வு ஆற்றலைக் குறைக்கிறது என்று எழுதினால் சரியா?

மதிப்பெண் கிடைக்கும். ஆனால் சரியாகச் சொன்னால், குறைவான கிளர்வு ஆற்றல் கொண்ட வேறொரு பாதையைத் திறந்துவிடுகிறது. கோயம்புத்தூரிலிருந்து கேரளம் போக மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியில் ஏற வேண்டியதில்லை, பாலக்காட்டுக் கணவாய் வழியே போகலாம். கணவாய் இருப்பதால் மலையின் உயரம் குறைந்துவிடவில்லை; பழைய பாதையும் அப்படியே இருக்கிறது, அதில் போகிறவர்கள் குறைவு.

ஹைட்ரஜன் பெராக்சைடு தானாகச் சிதைய மோலுக்குச் சுமார் 75 கிலோஜூல் வேண்டும். அயோடைடு அயனி இருந்தால் 56, 57 அளவுக்கு இறங்குகிறது. பார்வைக்குச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் மற்றவை மாறாமல் இருந்தால் அறை வெப்பநிலையில் அது ஆயிரம் மடங்குக்கு மேல் வேகம்.

வினையூக்கி வினையில் கலந்துகொள்ளாது என்று படித்தேனே?

அந்த வரியை மறந்துவிடுங்கள். கலந்துகொள்ளாமல் எப்படிப் பாதையைத் திறக்கும்? அயோடைடு அயனி ஒரு பெராக்சைடு மூலக்கூறிலிருந்து ஆக்சிஜன் அணுவை எடுத்து ஹைப்போஅயோடைட்டு அயனியாகிறது. அது அடுத்த பெராக்சைடோடு சேர்ந்து ஆக்சிஜன் வாயுவை விட்டுவிட்டு மீண்டும் அயோடைடாகிறது. முடிவில் அளவு மாறாமல் திரும்பக் கிடைக்கிறது என்பதே சரியான வாக்கியம்.

நடைமுறையில் அதுவும் என்றென்றைக்கும் இல்லை. கார்களின் புகைப்போக்கியில் இருக்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய வினையூக்கியைப் பெட்ரோலில் இருந்த ஈயம் படிந்து முடக்கிவிடும். 1995-இல் இந்தியாவின் நான்கு பெருநகரங்களில் ஈயமில்லாப் பெட்ரோல் வந்ததும், 2000-இல் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றதும் மக்களின் உடல்நலத்துக்காக மட்டுமின்றி இந்த வினையூக்கிகள் உயிரோடு இருக்கவும்தான்.

வினையூக்கி போட்டால் விளைபொருள் அதிகம் கிடைக்குமா?

சமநிலை வினையில் கிடைக்காது. முன்னோக்கு, பின்னோக்கு இரண்டுக்கும் ஒரே கணவாய்தான். இரண்டும் ஒரே மடங்கு வேகமாகும். சமநிலையை எட்டும் நேரம் குறையும், சமநிலை இருக்கும் இடம் மாறாது.

பிறகு ஏன் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா செய்யும் ஹேபர் முறையில் இரும்பு வினையூக்கி? அம்மோனியா உருவாவது வெப்ப உமிழ் வினை என்பதால் குளிர்ச்சிதான் அதிக விளைச்சல் தரும். ஆனால் நைட்ரஜனின் முப்பிணைப்பு குளிரில் அசையாது. சூடாக்கினால் வேகம் வரும், விளைச்சல் போகும். இரும்பு இருப்பதால் 400 முதல் 500 டிகிரி செல்சியஸிலேயே வேலை நடக்கிறது. அது இல்லாவிட்டால் விளைச்சலே மிஞ்சாத அளவுக்குச் சூடாக்க வேண்டியிருக்கும். ஜெர்மனியின் ஓப்பாவ் நகரில் 1913-இல் கார்ல் போஷ் தலைமையில் இதைப் பெரும் தொழிற்சாலையாக்கினார்கள். இன்று நம் வயலில் போடும் யூரியாவின் நைட்ரஜன் அந்த வழியில் வந்ததுதான்.

வெப்ப உமிழ் வினையைச் சூடாக்கினால் மெதுவாகும், இல்லையா?

சமநிலை எந்தப் பக்கம் நகரும் என்று சொல்லும் லி சாட்லியர் தத்துவத்தையும் வினைவேகத்தையும் கலந்துவிடுவதால் வரும் குழப்பம். சூடாக்கினால் முன்னோக்கு, பின்னோக்கு இரண்டும் வேகமாகும். வெப்ப உமிழ் வினையில் பின்னோக்கு வினைக்குக் கிளர்வு ஆற்றல் அதிகம். ஆகவே அது கூடுதலாக வேகமெடுக்கும், சமநிலை பின்னால் நகரும். குறைவது விளைச்சல், வேகம் அல்ல.

தானாக நடக்கும் வினை என்றால் வேகமாக நடக்கும் என்றுதானே அர்த்தம்?

இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. அறை வெப்பநிலையில், சாதாரண அழுத்தத்தில் வைரம் கிராஃபைட்டாக மாறுவது தானாக நடக்கக்கூடிய வினை. யாருடைய மூக்குத்தியும் பென்சில் கரியாகவில்லை. ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் கலந்து குடுவையில் மூடி வைத்தால் அப்படியே கிடக்கும். நுண்துளைப் பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜனைப் பீய்ச்சினால் காற்றிலேயே பற்றிக்கொள்ளும் என்று 1823-இலேயே ஜெர்மானிய வேதியியலாளர் டோபரைனர் காட்டினார். முடியுமா என்பதை ஆற்றல் மாற்றம் சொல்லும், எவ்வளவு சீக்கிரம் என்பதைக் கிளர்வு ஆற்றல் சொல்லும்.

ஆக்சாலிக் அமிலத் தரம்பார்த்தலில் பெர்மாங்கனேட்டின் முதல் துளி நிறம் போக நேரமாகிறது, அடுத்தவை உடனே போகின்றன. நான் ஏதாவது தப்பாகச் செய்கிறேனா?

தப்பில்லை. அந்த வினையில் உருவாகும் மாங்கனீசு(II) அயனியே வினையூக்கி. முதல் துளியின்போது அது கரைசலில் இல்லை. உருவான பிறகு வினை தன்னைத்தானே முடுக்கிக்கொள்கிறது. இதைத் தன்வினையூக்கம் என்கிறோம். தொடக்க மந்தத்தைக் கடக்கத்தான் கரைசலை 60, 70 டிகிரிக்குச் சூடாக்கச் சொல்கிறோம். முதல் துளி நிறமிழக்கும்வரை பொறுத்திருந்து அடுத்ததை விடுங்கள்.

வாயு வினையில் ஹீலியத்தைச் சேர்த்து அழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடுமா?

கனஅளவு மாறாத கலத்தில் கூடாது. மொத்த அழுத்தம் ஏறினாலும் வினைபடு பொருளின் செறிவு அப்படியே இருக்கிறது. அழுத்தத்தை மாறாமல் வைத்து ஹீலியம் சேர்த்தால் கலவை விரிந்து செறிவு குறையும், வேகமும் குறையும். மூன்றாவது பதிலில் சொன்ன கேள்வியைக் கேட்டாலே இதற்கு விடை வந்துவிடும்.

சூடாக்கினால் உண்மையிலேயே மெதுவாகும் வினை ஏதாவது உண்டா?

உண்டு. நைட்ரிக் ஆக்சைடும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் டையாக்சைடு உருவாகும் வினை. முதலில் இரண்டு நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறுகள் தளர்வாக ஜோடி சேர்கின்றன; அந்த ஜோடியை ஆக்சிஜன் தாக்குகிறது. ஜோடி சேர்வது வெப்ப உமிழ் சமநிலை. சூடானால் ஜோடிகள் பிரிந்துவிடும். இரண்டாம் படியின் மாறிலி சற்று கூடினாலும், தாக்குவதற்கு ஜோடிகளே குறைந்துவிடுவதால் மொத்த வேகம் இறங்குகிறது. ஒற்றைப் படியில் நடக்கும் வினைக்குச் சொன்னதைப் பல படி வினைக்கு அப்படியே ஒட்டக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கதிரியக்கச் சிதைவும் முதல் வகைதானே? அப்போ சூடாக்கினால் அதுவும் வேகமாகுமா?

கணக்கு முதல் வகைதான், சர்க்கரை உடைவதைப் போலவே. ஆனால் அது வேதிவினை இல்லை. அணுக்கருவுக்குள் நடக்கும் மாற்றத்துக்கு மோதலும் தேவையில்லை. நம் அடுப்பின் வெப்பம் அணுக்கருவை எட்டுவதும் இல்லை. கார்பன் 14-இன் அரை வாழ்வுக் காலம் 5730 ஆண்டுகள். உறைபனியிலும் அதேதான், நெருப்பிலும் அதேதான். கீழடியில் எடுத்த கரிம மாதிரியைக் கி.மு. 580 என்று கணிக்க முடிந்தது இதனால்தான். மண்ணுக்குள் இத்தனை நூற்றாண்டு வெயிலும் மழையும் மாறி மாறி வந்தும், அந்தச் சிதைவின் வேகம் ஒரே மாதிரி இருந்திருக்கிறது.